செடி வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் அமைக்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். லாவெண்டர், வெளிர் ரோஸ் நிறப் பூக்கள், பின்னால் சாம்பல் நிறக் கல் சுவர். படம் இங்கிலாந்து, வீடு திருமங்கலம். மேகம் மூடிய வானத்தின் கீழ்தான் அந்த வெளிர் நிறங்கள் எடுப்பாகத் தெரியும். நம் ஊர் உச்சி வெயிலில் வெளிர் ரோஸும் வெளிர் மஞ்சளும் வெளுத்துப்போய் ஒன்றுபோல் ஆகிவிடும். அதனால் படம் பிறகு, முதலில் உங்கள் காம்பவுண்டு சுவரைக் காட்டுங்கள் என்பேன்.

தோட்டத்தின் மிகப் பெரிய நிறம் சுவர்தான். கிளிப்பச்சை, மஞ்சள், ரோஸ் என்று துணிந்து அடிக்கிற ஊர் நம்முடையது, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ரோஸ் சுவரில் ரோஸ் காகிதப்பூவை ஏற்றினால், இரண்டாயிரம் பூ பூத்தாலும் தெருவிலிருந்து தெரியாது. அதே கொடி கிரீம் சுவரில் ஏறினால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மஞ்சள் சுவர் முன்னால் பிளம்பாகோவோ நீலச் சங்குப்பூவோ வைத்துப் பாருங்கள், நீலம் கூடுதல் நீலமாகத் தெரியும்.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் கோளாறில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. ஒரு நிறத்தை அண்டை நிறம் எப்படி மாற்றுகிறது என்று 1839இல் ஒரு பெரிய நூலே எழுதினார். சுவருக்கும் பூவுக்கும் அதே கணக்குதான். வெள்ளைச் சுவர் முன் நந்தியாவட்டை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பாவம், அந்தப் பூ எங்கே போய்த் தெரியும்!

அடுத்த கேள்வி, நீங்கள் எந்த நேரத்தில் தோட்டத்தில் இருப்பீர்கள்? வேலைக்குப் போய் மாலை ஏழு மணிக்கு வந்து திண்ணையில் உட்காருகிறவருக்குச் சிவப்புச் செம்பருத்தி வீண். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான், நீலமும் வெள்ளையும் அதற்குப் பிறகும் தெரியும். செக் நாட்டு உடலியல் அறிஞர் பர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்தார், அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. மாலை மனிதர்களுக்கு நந்தியாவட்டை, குண்டுமல்லி, வெள்ளை நித்தியகல்யாணி போதும். வாசனை இலவசம். காலையில் காபியோடு நடப்பவர்கள் செம்பருத்தி, கல்வாழை, மஞ்சள் இட்லிப்பூ என்று போகலாம். மஞ்சளுக்குப் பொன்னரளி வைக்கலாமா என்று கேட்பார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். விதை உட்பட அந்தச் செடி முழுவதும் நஞ்சு.

சேராத ஜோடி என்று நான் அடிக்கடி பார்ப்பது, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த காகிதப்பூவுக்குக் கீழே ஆரஞ்சு இட்லிப்பூ. ஒன்றில் நீலம் ஓடுகிறது, மற்றதில் மஞ்சள் ஓடுகிறது. இரண்டுமே கத்துகிற நிறம், யாரும் விட்டுக்கொடுக்காது. பிடுங்கிப் போட வேண்டியதில்லை, நடுவில் இடம் விட்டால் போதும். கதம்பம் கட்டுகிறவரின் கையைக் கவனியுங்கள். கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் மல்லியும் மரிக்கொழுந்தும் வந்தபிறகுதான் அடுத்த நிறம் வரும். தோட்டத்தில் அந்த மரிக்கொழுந்தின் வேலையைச் செய்வது இலை. அடர்பச்சைப் புதரோ வெள்ளைப் பூவோ இரண்டடி அகலத்துக்கு இருந்தால் சண்டை ஓய்ந்துவிடும்.

நிறம் மட்டும் சேர்ந்தால் போதாது, மாதமும் சேர வேண்டும். ஊதா டிசம்பர் பூவும் மஞ்சள் சாமந்தியும் மார்கழியில் சேர்ந்து பூக்கும், இதற்கு மிஞ்சிய ஜோடி நம்மிடம் குறைவு. டிசம்பர் பூவுக்குத் துணையாகக் கோடையில் பூப்பதை நட்டால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பெட்டூனியா சமவெளியில் குளிர்கால விருந்தாளி, பங்குனி வெயிலுக்கு நிற்காது. ஆகவே இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி போன்ற ஆண்டு முழுதும் பூப்பவற்றில் உங்கள் முக்கிய நிறத்தை முடிவு செய்துவிட்டு, பருவப் பூக்களை ஓரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். யோசிக்கவே நேரமில்லை என்றால் ரங்கூன் மல்லி வையுங்கள். வெள்ளையாக விரிந்து, ரோஸாகி, சிவப்பாகும். மூன்று நிறமும் ஒரே கொத்தில், பொருத்தம் பார்க்கும் வேலையை அதுவே முடித்துவிடும்.

அப்புறம் நர்சரி. அன்றைக்குப் பூத்திருப்பதில் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கி வருவதுதான் நம் பழக்கம். பத்துச் செடி, பத்து நிறம். அதற்குப் பதில் மூன்றே வகை, வகைக்கு ஐந்து என்று வாங்கிக் கூட்டமாக நடுங்கள். சின்ன இடம் என்றால் இரண்டு வகை போதும். இன்னொன்று, நர்சரியில் செடிகள் பச்சை நிழல்வலைக்குக் கீழே இருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்தப் பூவும் தன் நிறத்தைச் சரியாகக் காட்டாது. தொட்டியைத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சுவரின் நிறத்தைக் கைப்பேசியில் படமாக எடுத்துப் போகாமல், மிச்சமிருக்கும் பெயிண்டைத் தடவிய அட்டைத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.