நெட்டலை: 'வீக்க அலை'க்கு ஒரு மறுப்பு

புரட்டாசி, ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவது வழமை. அது ஆந்திராவுக்கோ ஒடிசாவுக்கோ போய்க் கரை கடக்கும். இங்கே யாழ்ப்பாணத்தில் வானம் வெளித்திருக்கும், சோளகக் காற்று ஓய்ந்து புழுங்கும். அப்போதுதான் வானொலியில் வாசிப்பார்கள்: வடக்கு, கிழக்குக் கடற்பரப்புகளில் 'வீக்க அலைகள்' தோன்றக்கூடும். போன கிழமை ஒரு பத்திரிகை அதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டது. வீக்க அலையாம்! கடலுக்கென்ன கூகைக்கட்டா வந்திருக்கிறது?

மூலச்சொல் ஆங்கிலத்தின் 'ஸ்வெல்' (swell). பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வெல்லன்' என்றால் வீங்குதல், பருத்தல். ஜேர்மன் மொழியிலும் இதற்கு உறவுச்சொல் உண்டு. கடலில் நுரையின்றி எழுந்து தாழும் நீண்ட அலைக்கு ஆங்கிலேயர் இந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். பிறப்பு இவ்வளவுதான். சொல் எதைச் சுட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காற்று வீசும் இடத்திலேயே எழும் அலை வேறு, அந்தக் காற்றை விட்டுப் புறப்பட்டுத் தொலைவுக்குப் போகும் அலை வேறு. முதலாவது குட்டையானது, நெருக்கமானது, நுரை தள்ளுவது. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை வரும் அப்படிப்பட்ட அலையின் நீளம், ஆழ்கடலில், 40 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது புயலின் அடியில் பிறந்து, போகப் போகக் குட்டையலைகளைப் பின்னே விட்டுவிட்டு ஒழுங்காகி வருவது. 12 செக்கனுக்கு ஒன்று என்றால் அதன் நீளம் 225 மீற்றர். அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். நீளமான அலை முந்தி வரும், குறுகியது பிந்தி வரும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 2021 செப்டம்பர் 26 அன்று குலாப் புயல் ஆந்திராவின் கலிங்கப்பட்டினத்துக்குக் கிட்டக் கரை கடந்தது. பருத்தித்துறையிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 1000 கிலோமீற்றர். எங்கள் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் புயலின் மேற்குப் பக்கத்துக் காற்று வடக்கிலிருந்து தெற்கே வீசும், அலையையும் தெற்கே தள்ளும். அப்படியொரு இடத்தில் புறப்படும் 12 செக்கன் அலை வடமராட்சிக் கரையைத் தொட 30 மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் அங்கே புயல் கரையேறி மழையாய்க் கரைந்துபோயிருக்கும். இங்கே இலை அசையாது. ஆனாலும் மணற்காட்டிலோ ஆழியவளையிலோ கரைவலைக்காரர் நின்று பார்த்துவிட்டு, "காத்தைக் காணேல்லை, ஆனா கடல் தூக்கித் தூக்கி அடிக்குது" என்பார்கள்.

ஆழத்தில் அந்த அலையைக் கண்ணால் காண்பதே கஷ்டம். படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவுதான். நீர்மட்டம் கண்ணாடி போலக் கிடக்கும். ஆனால் நீளத்தில் பாதியளவு ஆழம் வந்தவுடன், அதாவது 110 மீற்றர் அளவில், அலை அடித்தரையை உணரத் தொடங்கும். கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடி, கடைசியில் முருகைக்கல்லில் இடித்து உடையும். நாலைந்து பெரிய அலைகள் சேர்ந்து வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற நேரத்தை நம்பிப் படகைத் தள்ளுகிறவன்தான் அடுத்த கூட்டத்தில் அகப்படுகிறான்.

இவ்வளவையும் 'வீக்கம்' எப்படிச் சொல்லும்? தமிழில் வீக்கம் ஓரிடத்தில் நிற்பது. கால் வீங்கும், கன்னம் வீங்கும், இப்போது பணமும் வீங்குகிறது. வீங்கியது நகராது, ஊர் விட்டு ஊர் வராது. இந்த அலைக்கு உயிரே அது வந்த தூரம்தான். ஆங்கிலேயன் அதன் மேற்புறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான், அது அவன் பார்வை. அவன் கண்ணால் நாங்களும் பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இதைச் சொன்னபோது தமிழ் படித்த நண்பர் ஒருவர் கலித்தொகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 66ஆம் பாட்டு "வீங்குநீர் அவிழ்நீலம்" என்று தொடங்குகிறதே, நீர் வீங்குவது சங்கத் தமிழ்தானே என்றார். தமிழ்தான், யார் இல்லையென்றது? ஆனால் அது மருதப் பாட்டு. அங்கே வீங்குநீர் நிறைந்து ததும்பி நிற்கும் நீர், அதில் நீலம் மலர்கிறது. அப்படி நிற்கும் நீரை வர்ணித்த சொல்லை ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவரும் அலைக்கு மாட்டுவதற்குச் சங்கப் புலவர் பொறுப்பில்லை. மொழிபெயர்த்தவரும் கலித்தொகையைப் பார்த்து எழுதவில்லை, அகராதியில் முதலாவதாய் இருந்ததை எடுத்துப் போட்டார். பிறகு வக்காலத்து வாங்க நாங்கள் ஏடு புரட்டுகிறோம்.

வேறு சிலர் 'பேரலை' என்கிறார்கள். இது அதைவிட மோசம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உடுத்துறையிலோ மணற்காட்டிலோ பேரலை என்ற சொல்லை ஒலிபெருக்கியில் சொல்லிப் பாருங்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆழிப்பேரலை என்று சுனாமிக்கு வைத்தாயிற்று, அதன் வாலை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்ட வேண்டாம். 'கடல் கொந்தளிப்பு' நல்ல சொல்தான், ஆனால் காற்றில் குழம்பும் கடலுக்கு உரியது. கண்ணாடிக் கடலைக் கொந்தளிப்பு என்றால் தொழிலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு அறிவித்தல் பொய் என்பான். அடுத்த முறை கேட்கவும் மாட்டான்.

இப்போது தமிழகத் தொலைக்காட்சிகளிலிருந்து 'கள்ளக்கடல்' வந்திறங்கியிருக்கிறது. கேரள மீனவரின் சொல். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கரையை மூடும் கடலைக் கள்ளன் என்றார்கள். அழகான சொல், அதில் எனக்குச் சண்டையில்லை. இந்துசமுத்திரத்தின் தெற்கே எழும் புயல்களின் அலை கேரளக் கரையேறி வீட்டுக்குள் வெள்ளம் விடுவதை அது குறிக்கும். அதாவது விளைவின் பெயர், அலையின் பெயரன்று. கரையேறாமல் போகிற அலைக்கு என்ன சொல்வது? மேலும் எங்கள் பக்கம் 'கள்ள' என்று தொடங்கினால் காது வேறெங்கோ போகும். கள்ளத்தோணி என்ற சொல் இந்தத் தீவில் யாரைக் குத்தப் பயன்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாக்கு நீரிணையில் கள்ளக்கடல் என்றால் கடற்படை ரோந்து போகும் என்று நினைப்பார்கள்.

'ஓதம்' பழஞ்சொல். அலை, கடல், வெள்ளம், கடற்பெருக்கு எல்லாவற்றுக்கும் நின்றது. அதுவே அதன் குறை. போதாததற்கு ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு வருத்தத்துக்கும் அதே பெயர். சுற்றி வந்து பார்த்தால் அங்கேயும் வீக்கம்தான்!

ஆகவே நான் சொல்வது நெட்டலை. நெடுமையும் அலையும் புணர்ந்தது. சிறுமையும் அலையும் சிற்றலை ஆனதுபோல, வெறுமையும் இலையும் வெற்றிலை ஆனதுபோல. நெடு என்ற அடைக்குள் மூன்று பொருளும் அடங்கும்: நெடிய உருவம், நெடுநேர இடைவெளி, நெடுந்தூரப் பயணம். ஆங்கிலச் சொல்லில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. 'நெடுந்திரை' இன்னும் இனிமை, செய்யுளுக்குப் பொருந்தும். ஆனால் இன்றைக்குத் திரை என்றால் தியேட்டர்தான் ஞாபகம் வரும். சிற்றலை, மத்திய அலை என்று றேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நெட்டலையும் அலைவரிசையோ என்று கேட்கலாம். அவர்களும் இப்போது கைத்தொலைபேசியில்தான் செய்தி பார்க்கிறார்கள்.

அந்தந்த இடத்துக் காற்றில் எழுவதைக் காற்றலை என்று விட்டால் சோடி பொருந்தும். காற்றலை, நெட்டலை. வகுப்பில் பத்து நிமிடத்தில் விளங்கும்.

எங்கள் கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மீடிறன் (அதிர்வெண்), ஆர்முடுகல் (முடுக்கம்), வற்றுப்பெருக்கு (கடல் ஏற்ற இறக்கம்) என்றெல்லாம் துணிந்து சொல் ஆக்கிப் பாடப்புத்தகத்தில் ஏற்றிய நாடு இது. தமிழகம் வேறு சொல் வைத்திருந்தபோதும் நாங்கள் கலங்கவில்லை. இன்றைக்கு அறிவித்தல்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறந்து, தமிழுக்கு வரும்போது மூச்சுத் திணறுகின்றன. "கடற்றொழிலாளர்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." யார் கேட்டது, எதை அவதானிப்பது? எத்தனை செக்கன் அலை, எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணிக்குக் கரைக்கு வரும் என்று இருந்தால் படகைத் தள்ளலாமா என்று அவன் முடிவெடுப்பான். 'வடக்குக் கடல்' என்று ஒரே போர்வையால் மூடுவதும் அப்படித்தான். வங்காள விரிகுடாவை நேரே பார்த்திருக்கும் வெற்றிலைக்கேணிக்கு வரும் நெட்டலை, ஆழம் குறைந்த பாக்கு விரிகுடாவுக்குள் நுழையும்போது வலுவிழந்துவிடும். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழங்கூட இல்லை. குருநகர், பாசையூர் மீனவர் ஆழம் குறைந்த களக்கடலில் நின்று அதைக் காணவே மாட்டார்கள். அவர்களையும் சேர்த்து மறித்தால் ஒருநாள் உழைப்புப் போகும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நெடு, அலை இரண்டையும் வகர உடம்படுமெய் போட்டு 'நெடுவலை' என்று எழுதிவிடாதீர்கள். குருநகரில் அதை வாசித்தால் என்ன விலை, எத்தனை முழம் என்று கேட்பார்கள்.