டியூபில் உட்கார்ந்து தூண்டில் போடும் முன்

ஃப்ளோட் டியூபைப் பார்த்தால் காற்றடித்த சோபா மாதிரிதான் இருக்கும். குதிரை லாடம் போல வளைந்த காற்றுப் பைகள், நடுவில் துணி இருக்கை, மடியில் விரித்துக்கொள்ள ஒரு வலைத்துணி. இடுப்புக்குக் கீழே உடம்பு தண்ணீருக்குள் இருக்கும். காலில் மாட்டிய துடுப்புச் செருப்பை உதைத்தால் முதுகுப் பக்கமாக நகரும். கை இரண்டும் தூண்டிலுக்கு. ஆன்லைனில் வாங்கிவிட்டு, பயிற்சிக்கு வரும் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி "இது மூழ்குமா சார்?" என்பதுதான். காற்று இருக்கிறவரை மூழ்காது. பயப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்கு: கவிழ்வது, காற்று தள்ளிக்கொண்டு போவது.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இடுப்பு இருக்கைக்குள் இருக்கிறது, மிதப்பு முழுவதும் இடுப்பைச் சுற்றி இருக்கிறது. தலைகீழானால் இடுப்பு மேலே நிற்கும், தலை தண்ணீருக்குள் போகும், நீளமான துடுப்புச் செருப்பு இருக்கைப் பட்டையில் மாட்டும். லாரி டியூபில் இது இன்னும் மோசம். உட்கார்ந்த ஆள் நடு ஓட்டையில் இறங்கி மடங்கிக்கொள்வார். வளைந்த உலோக வால்வு விலாவைக் கிழிக்கும். ஏரியில் வலை போடுகிறவர்கள் லாரி டியூபில் போகிறார்களே என்பார்கள். அவர்கள் நீச்சலோடு வளர்ந்தவர்கள், அந்த ஏரியின் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தவர்கள்.

அதனால் ஏரிக்கு முன்னால் நீச்சல் குளம். மார்பளவு தண்ணீரில் டியூபில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இடுப்புப் பக்கிளைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரே கையால் திறந்து, முன்பக்கமாக வழுக்கி வெளியே வர வேண்டும். வலது கையால் ஐந்து தடவை, இடது கையால் ஐந்து தடவை. பிறகு பக்கத்தில் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பக்கிளைத் தேட வேண்டியிருந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும்கூட. உள்ளே மிதக்கவைக்கும் விசை 50, 100 என்று நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருக்கும். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர், கரை அருகே, உதவி பக்கத்தில் இருக்கும்போது போடுவது. நீச்சல் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் குறைந்தது 100. குழந்தையின் ஜாக்கெட்டை வயதைப் பார்த்து வாங்காதீர்கள். எடையைப் பார்த்து வாங்குங்கள். கால்களுக்கு இடையே போகும் பட்டை கட்டாயம். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறினால் அது பெரிது. அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று தீபாவளிச் சட்டை எடுக்கிற வழக்கம் இங்கே கூடாது.

இனி டியூபுக்குள் அடிக்கும் காற்று. பெரும்பாலான டியூபுகளுக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. போதும்; சரியான அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் கொடுத்தால் தையல் பிரியும், இல்லையென்றால் உள்பை வெடிக்கும். கால் பம்ப் போதும். முந்தின இரவே அடித்து வீட்டுக்குள் வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் வால்விலும் தையல் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வெயில் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. 27 டிகிரியில் 1.5 பி.எஸ்.ஐ. அடித்த டியூபை கார் டிக்கியில் வைத்து உள்காற்று 57 டிகிரிக்குப் போனால், பை மேற்கொண்டு விரிய இடமில்லாதபோது அழுத்தம் 3-ஐத் தொடும், அதாவது இரட்டிப்பு. சூடான கரையில் கல் மாதிரி அடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் நேர் எதிர்: கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடும், ஓட்டை விழுந்துவிட்டதென்று பதற்றம் வரும். தண்ணீரில் போட்டு பத்து நிமிஷம் கழித்துத் தொட்டுப் பார்த்து, குறைந்ததை நிரப்பிக்கொண்டு ஏறுவதே சரி.

ஓட்டை போடுவது பெரும்பாலும் பிடித்த மீன்தான். ஜிலேபியின் முதுகு முள், கெளுத்தியின் பக்க முள், இப்போது நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் டேங்க் கிளீனர் மீனின் கவசச் செதில் எல்லாமே துணியைத் துளைக்கும். மீனை மடியில் போடாதீர்கள். ஈரத் துண்டால் பிடித்து, பிளையரால் தூண்டில் முள்ளை எடுத்து, பக்கவாட்டு வலைப்பையில் விடுங்கள். கெளுத்தியோ தேளியோ குத்திவிட்டால் கடுக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டை வலிக்கிற கையால் பார்க்காதீர்கள், மற்றக் கையால் பாருங்கள். அதனால் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது காபிக்கு மட்டும் இல்லை.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் பல்லைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். சதையில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும். கண்ணில் குத்திவிட்டால் மட்டும் தொடவே கூடாது. முள்ளின் மேல் பேப்பர் கப்பைக் கவிழ்த்து, அழுத்தாமல் ஒட்டி, நேராகக் கண் மருத்துவமனை. வீசும்போது எல்லோருக்கும் கண்ணாடி, டியூபுக்கு டியூப் இரண்டு ராடு (தூண்டில் கழி) நீளத்துக்குக் குறையாத இடைவெளி.

சென்னையில் காற்று மணி பார்த்து மாறும். கோடைக் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து மெதுவாக வீசும். நடுப்பகலை ஒட்டி கடற்காற்று புகுந்து கிழக்கிலிருந்து தள்ளும். காலையில் கரைக்குச் சுலபமாகத் திரும்பிய அதே டியூப் பன்னிரண்டு மணிக்கு எதிர்க்கரைக்குப் போகும். உதைத்துப் போகும் வேகம் நடையைவிடக் குறைவு. எதிர்க்காற்றில் அரைமணி உதைத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்குக் கரையேறிவிடுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உதவட்டும். இடி கேட்டால் அந்த நொடியே கரை. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும் அதை வீசக் கூடாது.

இடம் தேர்வு சிக்கலானது. செங்குன்றம், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் எல்லாம் குடிநீர் ஏரிகள். அங்கே இறங்கும் எண்ணமே வேண்டாம். மற்ற ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், எங்கே மண் எடுத்த பள்ளம், எங்கே செவுள் வலை என்பதையும் அவரே சொல்வார். முழங்கால் ஆழத்தில் நடக்கிறவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் பள்ளத்தில் விழுவது சவுடு எடுத்த ஏரியில்தான். மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், ஆகாயத்தாமரைப் படுகை மூன்றையும் விட்டு விலகுங்கள். பழவேற்காடு, முட்டுக்காடு முகத்துவாரத்தில் ஓதம் வற்றும்போது தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், டியூபுக்கு ஆகாது.

இறங்குவதும் ஏறுவதும் பின்பக்கமாக நடந்துதான்; துடுப்புச் செருப்போடு முன்னால் நடந்தால் குப்புற விழுவீர்கள். சேற்றில் கால் புதைந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். டியூபில் சாய்ந்து, எடையை அதன்மேல் போட்டு, காலை மெல்ல ஆட்டி உருவுங்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே கரையில்தான் தூண்டில். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டியூபில் போவதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்பதில்லை: கவிழ்ந்தால் இருவரும் ஒரே பட்டைக்குள். பெரிய பிள்ளை போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். கரையில் ஒருவர் தூண்டில் இல்லாமல், போனைப் பார்க்காமல், 15 மீட்டர் கயிறோடு உட்கார வேண்டும். கயிற்று முனையில் மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன் கட்டியிருந்தால் வீச வசதி. மூழ்குகிறவர் கத்த மாட்டார், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். நீங்கள் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் ஊதி, பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். தானே எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், நினைவு தப்பியிருந்தால், இருமல் நிற்கவில்லையென்றால், ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தண்ணீர்ப்பாம்பு பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலைக் கொஞ்சம் கூடுதலாக நினையுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் இறங்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், ஏரியில் இறங்கியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.