ஒரே மாடியில் மூன்று முறை இறங்கும் விளையாட்டு

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் மாடியில் மூன்று வீடுகள். போன சனிக்கிழமை மூன்று வீட்டுப் பிள்ளைகளும் 100 ஜிபி அளவுள்ள ஒரே கணினி விளையாட்டைத் தனித்தனியாகப் பதிவிறக்கினார்கள். நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் அதற்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். நான்கு சதவீதத்திலேயே நின்ற திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், "பக்கத்து வீட்டில் காலையிலேயே இறங்கிவிட்டது சித்தி. அதை அவர்களிடமே வாங்கிக்கொள்ள முடியாதா?" என்று கேட்டான்.

முடியும். 2001-இல் பிராம் கோஹன் என்ற நிரலாளர் உருவாக்கிய பிட்டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை செய்வது அதைத்தான். தேர்வுக்கு முன்பு ஒரே ஒரு நோட்டு நாற்பது மாணவர்களிடம் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின் ஒருவராக முழு நோட்டையும் எழுதினால் விடிந்துவிடும். ஆளுக்கொரு பக்கத்தை எழுதி, பிறகு ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும். விளையாட்டும் இப்படித்தான் ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தத் துண்டு மிகச் சிலரிடமே இருக்கிறதோ, அதையே கணினி முதலில் தேடுகிறது. அதை வைத்திருப்பவர் எழுந்து போய்விட்டால் மற்ற எல்லோருக்கும் ஒரு பக்கம் குறையும் அல்லவா? வந்த துண்டு சரியானதுதானா என்பதை அதன் கணிதக் கைரேகையை வைத்துச் சரிபார்க்கலாம். அதனால் முன்பின் தெரியாதவரிடமும் தயங்காமல் வாங்கலாம்.

வெளியீட்டு நாளில் இதன் பலம் தெரியும். நொடிக்கு 10,000 மெகாபிட் அனுப்பும் சர்வரை 10,000 பேர் மொய்த்தால் ஆளுக்கு 1 மெகாபிட்தான். 100 ஜிபி இறங்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அவர்கள் ஒவ்வொருவரும் நொடிக்கு 20 மெகாபிட் மற்றவர்களுக்குக் கொடுத்தால் ஆளுக்கு 21 கிடைக்கும். பதினோரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் கூடக் கூட விநியோகமும் கூடுகிறது. இந்த அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் திருத்தங்களை பிளிஸார்ட் நிறுவனம் இந்த முறையில்தான் பல ஆண்டுகள் வழங்கியது. பிறகு சர்வர்களுக்கே திரும்பியது. இப்போது பெரிய நிறுவனங்களுக்கு நகரத்துக்கு நகரம் பிரதி வைத்திருக்கும் சர்வர்கள் உண்டு. ஓராண்டு கழித்து, கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் வந்து கேட்டாலும் அவை கொடுக்கும். பகிர்வில் அந்த ஒருவருக்குக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்குத் துண்டுகளை அனுப்பும்போது பதிவேற்றப் பாதை நிரம்பி, ரவுட்டரில் வரிசை நிற்கும். விளையாடும் பையன் பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் செய்தி மிகச் சிறியதுதான். ஆனால் அதுவும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். அவன் சுடுவதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். போதாததற்கு, பல இணைய நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அதனால் வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. மாதாந்திர வரம்புள்ள இணைப்பில், அனுப்பிய ஜிபியும் நம் கணக்கில்தான் ஏறும். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவரிடம் நிறுவனத்தின் விநியோகச் செலவையும் சுமத்துவது நியாயமே இல்லை. அனுமதி கேட்காமல் சுமத்தினால் அதை அநியாயம் என்றே சொல்வேன்.

ஊர் முழுக்கப் பகிர்வதற்கு இருக்கும் இந்தத் தடைகளில் ஒன்றுகூட ஒரே ரவுட்டருக்குள் பகிர்வதற்கு இல்லை. துண்டுகள் இணைய நிறுவனத்தின் கம்பியைத் தொடுவதே இல்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2023-இல் கொண்டுவந்த வசதி இதுதான்: ஒரே வலையமைப்பில் இருக்கும் கணினியிலிருந்து விளையாட்டை நேரே எடுத்துக்கொள்ளலாம். பெரிய விளையாட்டுகளுக்குப் பகிர்வு உண்மையாகவே பொருந்தும் இடம் இதுவே என்பது என் முடிவு.

அக்கா மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். இரண்டு கணினிகளையும் அவர்கள் வீட்டு ரவுட்டரில் கம்பி வழியாக இணைத்தோம். அந்த வீட்டு அம்மா போட்டுக் கொடுத்த காபியை நான் குடித்து முடித்து, சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பதற்குள் 100 ஜிபியும் வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாவது வீட்டுப் பையன் தன் கணினியோடு வாசலில் நின்றான்.