கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால்

"எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்தில் திருட என்ன இருக்கிறது?" இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்ததும் உரிமையாளர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். தாக்குதலுக்கு ஆளான நிறுவனங்களுக்குப் போய், எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஆராய்ந்து சொல்வது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களைக் குறிவைத்து எவரும் வர வேண்டிய அவசியமே இல்லை. தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையத்தைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. பழைய மென்பொருளோ எளிய கடவுச்சொல்லோ சிக்கிய பிறகுதான் அது யாருடைய கணினி என்றே பார்ப்பார்கள்.

உங்களிடம் பணமே இல்லாவிட்டாலும், பணம் உள்ளவர்களோடு உங்களுக்குத் தொடர்பு இருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டன. அந்த நிறுவனத்துக்குக் குளிர்சாதன வேலைகளைச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை முதலில் திருடி, அதன் வழியாகத்தான் திருடர்கள் உள்ளே போனார்கள்.

ஆனாலும் சிறு நிறுவனங்களில் நான் மிகுதியாகப் பார்ப்பது இவ்வளவு சுற்றி வளைத்த வேலை இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு மின்னஞ்சலில் காரியம் முடிந்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள் எளிதில் ஏமாறுவதில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு "ஆவணம் ஒன்று பகிரப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதம் வருகிறது. இணைப்பைத் திறந்தால் அவர் தினமும் பார்க்கும் உள்நுழைவுப் பக்கம். கடவுச்சொல்லைத் தட்டுகிறார், ஒன்றும் திறக்கவில்லை, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து வேறொருவரும் அவருடைய அஞ்சல் பெட்டியைப் படிக்கிறார். உடனே எதையும் செய்வதில்லை. யார் யாருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார்கள், எந்தத் தேதியில் பணம் போகிறது, ஒருவரை ஒருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று வாரக்கணக்கில் பொறுமையாகப் பார்க்கிறார். பெரிய தொகை ஒன்று கைமாறும் நேரத்தில், பழைய கடிதத் தொடரிலேயே ஒரு பதில் வருகிறது: "தணிக்கை நடப்பதால் வழக்கமான கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். இந்த முறை கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்புங்கள்." இன்வாய்ஸ் உண்மையானதுதான், தொகையும் சரிதான். மாறியிருப்பது கணக்கு எண் மட்டும்.

இப்படி ஏமாந்த ஒரு நிறுவனத்தில் அஞ்சல் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, அங்கே எவரும் உருவாக்காத ஒரு விதி, அதாவது வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்துவைக்கும் கட்டளை, இருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. 'வங்கி', 'கட்டணம்', 'இன்வாய்ஸ்' என்ற சொற்கள் உள்ள கடிதம் எது வந்தாலும் அதைப் படித்ததாகக் குறித்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கோப்புறைக்கு அது தள்ளிக்கொண்டிருந்தது. "பணம் இன்னும் வரவில்லையே" என்று சப்ளையர் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. இதைப் படித்து முடித்ததும் உங்கள் அஞ்சல் பெட்டியில் விதிகள், தானாக வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பு ஆகிய இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

சில நேரம் அஞ்சல் பெட்டிக்குள் நுழையாமல், உண்மையான முகவரியைப் போலவே ஒன்றைப் பதிவுசெய்துகொண்டும் எழுதுவார்கள். ஆங்கிலத்தின் சிறிய 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' போலத் தெரியும். வேலை நெருக்கடியில் எந்தக் கண்ணுக்கும் அது புலப்படாது. கூகுளும் ஃபேஸ்புக்கும்கூட 2013-க்கும் 2015-க்கும் இடையில், தங்கள் சப்ளையர் பெயரில் வந்த போலி இன்வாய்ஸ்களை நம்பி 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பியிருக்கின்றன. ஆகவே "என் ஆட்கள் உஷாரானவர்கள்" என்பதை நான் ஒரு பாதுகாப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை.

செய்ய வேண்டியது செலவில்லாத ஒன்று. வங்கி விவரம் மாறியிருக்கிறது என்று எந்த வடிவில் தகவல் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, பழகிய ஒருவரிடம் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். கடிதத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணில் அழைக்கக் கூடாது. அதை எடுப்பவரும் அவர்களுடைய ஆளாகவே இருப்பார். முதலாளியே "அவசரம், உடனே அனுப்பு" என்று எழுதினாலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது. இதை முதலாளியே ஊழியர்களை அழைத்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். திட்டு விழுமோ என்ற பயத்தில்தான் பல இடங்களில் பணம் போயிருக்கிறது. தவறான இணைப்பைத் தட்டிவிட்ட ஊழியர் அடுத்த நிமிடமே வந்து சொல்லும் சூழல் உள்ள நிறுவனத்தைக் காப்பாற்றுவது எனக்கு எளிது. அவர் பயந்துபோய் மூன்று நாள் மறைத்தால் எந்தக் கருவியாலும் அந்த மூன்று நாளைத் திருப்பித் தர முடியாது.

கடவுச்சொல் திருடுபோனாலும் உள்ளே நுழைய முடியாமல் தடுப்பது இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறை. முதலில் மின்னஞ்சலுக்கு, பிறகு வங்கிக்கும் கணக்கு மென்பொருளுக்கும் அதைப் போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிடச் செயலி வழியாக வருவது மேல். கடவுச்சொல்லே இல்லாமல், உங்கள் கைபேசியோ கணினியோ கைரேகை, பின் எண் போன்றவற்றால் உங்களை உறுதிசெய்யும் பாஸ்கீ வசதி இருந்தால் அதைவிட மேல், ஏனென்றால் போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி ஊழியர்களை வதைக்க வேண்டாம். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் போதும். நினைவில் வைக்கக் கடவுச்சொல் மேலாளர் மென்பொருள் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

அடுத்தது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தும்போது இது நினைவுக்கு வரட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் கணக்குப் பார்ப்பவர்கள் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை இயக்குவதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்தில் திறந்துவைப்பதும் ரான்சம்வேர் கும்பல்கள் வழக்கமாக நுழையும் வழி.

பூட்டிய பிறகு மிஞ்சுவது பேக்கப் ஒன்றுதான். அதே 2017-ன் ஜூனில் நாட்பெட்யா என்ற தாக்குதல் மேர்ஸ்க் என்ற உலகளாவிய கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தது. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் அவர்கள் மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. வலையமைப்பின் ஆணிவேரான சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது, அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால். தப்பியது, இணைப்பில் இல்லாத பிரதி. உங்கள் பேக்கப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்: நகல் எடுத்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கிளவுடில் தானாக ஒத்திசையும் கோப்புறையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பூட்டப்பட்ட கோப்பும் அங்கே அப்படியே ஒத்திசைந்துவிடும். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள். "பேக்கப் வெற்றி" என்ற செய்தி தினமும் வந்துகொண்டிருக்க, உள்ளே வெறும் காலிக் கோப்புகள் இருந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் மீறி நடந்துவிட்டால், முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்குத் தொலைபேசி செய்யுங்கள். அது அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு காவல்துறையில் புகார். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் கணினியின் கேபிளையும் வைஃபையையும் துண்டியுங்கள், ஆனால் அவசரப்பட்டு எதையும் அழிக்கவோ மீண்டும் நிறுவவோ வேண்டாம், தடயம் போய்விடும். அஞ்சல் பெட்டி களவுபோயிருந்தால் வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, திருடர்கள் அஞ்சல் பெட்டியில் வைத்த விதிகளை நீக்குங்கள். வாடிக்கையாளர்களுக்கும் உடனே சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் அவர்களுக்கும் கடிதம் போயிருக்கக்கூடும்.

வங்கியின் அவசர எண், கணினி பார்ப்பவரின் எண், முக்கிய வாடிக்கையாளர்களின் எண்கள் ஆகியவற்றை இன்றே காகிதத்தில் அச்சிட்டுக் கணக்குப் பிரிவுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கணினி பூட்டப்படும் நாளில், அதற்குள் சேமித்துவைத்த தொலைபேசிப் பட்டியலும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கும்.