போட்டி நாளில் மட்டும் முரண்டு பிடிக்கும் குதிரை

தடுப்பு தாண்டும் குதிரைப் போட்டி சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குதிரை மருத்துவரான எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம். "டாக்டர், லாயத்துல தங்கம். பச்சப்புள்ள வாலைப் பிடிச்சாக்கூட ஒண்ணும் பண்ணாது. மைதானத்துல கால் வெச்சா ஆளே மாறிடுது." இரண்டாவது தடுப்பிலேயே நின்றுவிட்டது, பின்னங்காலில் எழும்பியது, வாசலைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடியது என்று விவரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கடைசியில் பேச்சு எப்படியும் ஊசிக்கு வந்து நிற்கும். "அடுத்த தடவை கொஞ்சம் அமைதியா இருக்கிற மாதிரி ஏதாவது போட்டு விடுங்களேன்."

ஊசி கதைக்கு அப்புறம் வருகிறேன். நான் முதலில் கேட்பது வேறு. போட்டிக்கு முந்தின இரண்டு நாள் அது என்ன தின்றது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, ராத்திரி படுத்ததா? நிறையப் பேருக்கு இது எரிச்சலைத் தரும். மைதானத்தில் நடந்ததைச் சொன்னால் இவர் தீவனக் கணக்குக் கேட்கிறாரே என்று. ஆனால் மைதானத்தில் நாம் பார்க்கும் கூத்தில் பாதி, வண்டி ஏற்றும்போதே தொடங்கிவிட்டது.

வயிற்றில் இருந்து வருவோம். குதிரையின் இரைப்பையில் அமிலம் 24 மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதை ஆற்றும் உமிழ்நீரோ மென்றால்தான் வரும். நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருப்பதற்கென்று அமைந்த உடம்பு அது. நம் ஊர் லாயங்களில் பச்சைப் புல்லுக்கும் காய்ந்த புல்லுக்கும் எப்போதும் தட்டுப்பாடு. ஓட்ஸ், தவிடு, ஊறவைத்த கொள்ளு என்று வாளியில் கொட்டினால் அரை மணி நேரத்தில் காலி. போட்டி நாளில் இன்னும் மோசம். விடியற்காலை 4 மணிக்கு ஒரு வாளி, அப்புறம் மதியம் வரை ஒன்றும் கிடையாது. "வயிறு காலியா இருந்தாதான் லேசாத் தாண்டும்" என்று பழைய ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். உண்மையில், காலி வயிற்றோடு ஓடும்போது அமிலம் தளும்பி, பாதுகாப்பு இல்லாத மேல் பகுதியில் படுகிறது. புண் வருவது அங்கேதான்.

இந்தப் புண் உள்ள குதிரை லாயத்தில் எப்படி இருக்கும்? பெரிதாக ஒன்றும் தெரியாது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கும், திரும்பிக் கடிக்க வரும். தீவனத்தில் பாதியை விட்டுவைக்கும். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் பையனைக் கேட்டால் "அது எப்பவுமே அப்படித்தான் சார்" என்பான். பயணம், பட்டினி, பதற்றம் மூன்றும் சேரும் போட்டி நாளில் அந்த "எப்பவுமே" எல்லை தாண்டிவிடுகிறது. ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் ஆறும். மனிதர்களுக்கான மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, தோராயமாக ஒரு கைப்பிடி போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மருந்தைவிட முக்கியம், போட்டி இடத்திலும் முன்னால் எப்போதும் புல் தொங்க வேண்டும். சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு கை குதிரைமசால் (லூசர்ன் தீவனம்) கொடுங்கள். அதில் உள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைக் கொஞ்சம் ஆற்றும்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீரில் வளர்ந்த குதிரை, போன இடத்தில் குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரை வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லாரித் தண்ணீருக்கும் மெட்ரோ தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்லும் சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தது பயணம். சென்னையிலிருந்து போட்டிக்குப் பெங்களூர் போனால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். குதிரை வண்டி போகும் வேகத்துக்கு ஒரு பகல் கழிந்துவிடும். தலையை உயர்த்திக் கட்டியபடியே அவ்வளவு தூரம் நின்றால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் இறங்கி வெளியேற வழியில்லை. சில சமயம் நுரையீரல் தொற்றில் போய் முடியும். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தரைவரை தாழ்த்த விட வேண்டும். வீட்டுத் தண்ணீரை இரண்டு கேனில் எடுத்துப் போங்கள். போன இடத்துத் தண்ணீரை அதோடு கலந்து கலந்து பழக்கலாம்.

தூக்கம் பற்றி யாரும் கேட்பதே இல்லை. குதிரை நின்றபடி கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது. புது லாயம், புது வாசனை, பக்கத்தில் தெரியாத குதிரை என்றால் படுக்கப் பயப்படும். மூன்று நாள் போட்டியில் முதல் நாள் நன்றாகச் செய்துவிட்டு மூன்றாம் நாள் கெட்டுப்போகும் குதிரைகளில் நான் முதலில் தேடுவது உடம்பில் ஒட்டியிருக்கும் மரத்தூளைத்தான். காலையில் விலாவிலும் தொடையிலும் தூள் ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது. சுத்தமாகப் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

சரி, வெயில். சென்னையில் நாம் குதிரை ஏறுவது காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள். போட்டியில் நம் முறை 11 மணிக்கும் வரும், 2 மணிக்கும் வரும். ஒரு வருஷமாக வெயிலே பார்க்காமல் பயிற்சி எடுத்த குதிரை அன்றைக்குத்தான் முதல்முறையாக உச்சி வெயிலில் வேலை செய்கிறது. இதில் இன்னொரு சிக்கல்: வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே குறைந்துபோகும், சிலவற்றுக்கு முழுசாக நின்றுவிடும். மற்ற குதிரைகள் நனைந்து நிற்க இது மட்டும் உலர்ந்த ரோமத்தோடு நாய் மாதிரி மூச்சிரைக்கும். அடி எடுத்து வைக்க மறுக்கும். அதைச் சோம்பேறி என்றும் திமிர் என்றும் சொல்லிப் பிரம்பை எடுக்கிறோம். ஆரோக்கியமான குதிரையின் வெப்பநிலை ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். வேலைக்குப் பிறகு 40-ஐத் தாண்டி, இறங்காமல் நின்றால் அன்றைய சவாரி அதோடு முடிந்தது. நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காகச் செய்த ஆய்வுகளிலேயே அது தெளிவாகிவிட்டது. தெர்மாமீட்டர் இல்லாத லாயங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் வலி. வலி என்றால் நொண்ட வேண்டும் என்று நினைக்கிறோம். நொண்டாமலே வலியோடு ஓடும் குதிரைகள் ஏராளம். பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும் 2018-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் இருக்கின்றன: காதைப் பின்னால் மடக்கி வைத்திருப்பது, வாலை அடித்துக்கொண்டே இருப்பது, வாயைத் திறந்தபடி போவது, நாக்கை வெளியே விடுவது, வெறித்த பார்வை, தானாக நடையை மாற்றுவது, துள்ளுவது, எழும்புவது. இவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பயிற்சியை ஒரு நாள், போட்டியை ஒரு நாள் செல்போனில் வீடியோ எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டியில் மட்டும் ஆடுவதாக நினைத்த குதிரை வீட்டிலும் ஐந்தாறு அறிகுறி காட்டியிருக்கும். அங்கே 60 சென்டிமீட்டர் தடுப்பு, இங்கே 90. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பழுப்பு நிற ஆண் குதிரை, போட்டிக்குப் போனால் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். முதுகைப் பார்த்தாயிற்று, காலைப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் போட்டிக்குப் பூட்டும் சாமான்களை அப்படியே கொண்டுவரச் சொன்னேன். வீட்டில் சாதாரண பிட் (லகானோடு சேர்த்து வாய்க்குள் மாட்டும் கடிவாள இரும்பு), போட்டிக்கு மட்டும் "கன்ட்ரோலுக்காக" கடுமையான ஒன்று. மூக்குப் பட்டையையும் ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கியிருந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பற்களின் விளிம்பு கத்தி மாதிரி கூர்ந்திருந்தது, கன்னத்தின் உள்பக்கம் புண். பல்லை ராவி, பழைய பிட்டையே போட்டு, மூக்குப் பட்டையில் இரண்டு விரல் இடம் விட்டதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மீதிப் பாதிக்குச் சில மாதம் ஆனது, வலி போனாலும் ஞாபகம் போகாதே. போட்டிக்கென்று புதுசாக எதையும் மாட்டாதீர்கள். புதுச் சேணம், புது பிட், புது ஷூ எதுவானாலும் சில வாரம் முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

பயத்துக்கு வருகிறேன். ஆபத்து என்றால் முதலில் ஓடு, பிறகு யோசி என்று உருவான விலங்கு இது. கண் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். பக்கவாட்டில் ஒரு குடை விரிந்தால் உங்களுக்கு முன் அதற்குத் தெரியும். ஆட்டோ ஹாரனுக்கும் தண்ணீர் லாரிக்கும் அசையாத சென்னைக் குதிரை, தடுப்புக்குக் கீழே அடுக்கிய பூத்தொட்டியைப் பார்த்து மிரளும். அதோடு நம் கிளப்புகளில் நிறையக் குதிரைகள் ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள். வண்டியில் ஏற்றி, மைக் சத்தமும் கூட்டமும் உள்ள இடத்தில் இறக்கி, பக்கத்தில் நாலு குதிரைகள் பாய்ந்து போனால் அது என்னவென்று நினைக்கும்? ஓடச் சொல்கிறார்கள் என்றுதான். அதற்குத் தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது, பாவம்.

மெரினாவில் ரோந்து போகும் போலீஸ் குதிரைகள் காணும் பொங்கல் கூட்டத்தைப் பார்க்கின்றன. அவை பிறவியிலேயே தைரியசாலிகள் என்று நினைக்க வேண்டாம். படிப்படியான பழக்கம்தான். நீங்களும் செய்யலாம். லாயத்தில் தீவனம் வைக்கும் நேரத்தில் ஸ்பீக்கரில் கைதட்டல், அறிவிப்புச் சத்தத்தை மெதுவாக வையுங்கள், வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். கொடி, குடை, வண்ணப் பலகை எல்லாவற்றையும் பயிற்சி இடத்தில் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். நண்பன் குதிரையைவிட்டுப் பிரிந்தால் கனைத்துக்கொண்டே இருக்கும் குதிரைக்கு, தினம் சில நிமிடம் தனியாக இருக்கப் பழக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, பெயர் கொடுக்காமல் சும்மா போட்டிக்குக் கூட்டிப் போவது. இறக்கி, கயிற்றில் பிடித்து நடத்தி, புல் தின்ன விட்டு, திரும்ப ஏற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டி வாடகை கொடுத்துவிட்டு ஏறாமல் வருவதா என்று அப்பாக்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று சீசன் நுழைவுக் கட்டணத்தை வீணாக்குவதைவிட அது மலிவு.

மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் செய்து 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், குதிரையோடு இருந்தவர்களிடம் "இந்தச் சுற்றில் ஒரு குடை விரியும்" என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. மணி அடித்து 45 விநாடிக்குள் தொடங்க வேண்டும், வேலிக்கு வெளியே அம்மா கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார், பயிற்சியாளர் காலால் அழுத்தச் சொல்லி "காலு! காலு!" என்று கத்துகிறார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு லகானைக் கெட்டியாகப் பற்றுகிறாள். குதிரைக்குச் சேதி போய்விட்டது. பெற்றோருக்கு நான் சொல்வது, அந்த இரண்டு நிமிஷம் கேண்டீனுக்குப் போங்கள்.

அன்றைக்கே பிரச்சினை வந்துவிட்டால்? வார்ம் அப் இடத்துக்குச் சீக்கிரம் போய், ஓரமாக நடத்தி, பெரிய வளையங்களில் வேலை கொடுங்கள். உதைக்கும் குதிரை என்றால் மற்றவர்கள் தள்ளிப் போக வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பின்னங்காலில் எழும்பினால் லகானை இழுக்கவே கூடாது, குதிரை உங்கள் மேலேயே மல்லாந்து விழும். முன்னால் சாய்ந்து, லகானைத் தளர்த்தி, கால் தரையில் பட்டதும் ஒரு பக்கமாகத் திருப்பி நடத்துங்கள். இரண்டாவது முறையும் எழும்பினால் இறங்கிவிடுங்கள். பிரம்பு விஷயத்தில் சர்வதேச ஷோ ஜம்பிங் விதிகள் கறாரானவை: ஒரு சம்பவத்துக்கு மூன்று அடிக்கு மேல் கூடாது, போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அடிக்கவே கூடாது. நம் ஊரில் அதிக அடி விழுவது, வெளியே வந்து யாரும் பார்க்காத மூலையில்தான். எதற்கு அடி விழுகிறது என்று அந்த நேரத்தில் குதிரைக்குத் தெரியாது.

இப்போது அந்த ஊசி. மயக்க மருந்துகள் போட்டியில் தடை செய்யப்பட்டவை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அசெப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து போட்ட குதிரை அமைதியாகத் தெரியும், ஆனால் காலை எங்கே வைக்கிறோம் என்ற நிதானம் குறைந்திருக்கும். அந்தக் குதிரையில் 13 வயசுப் பிள்ளையை ஏற்றி தடுப்பை நோக்கி அனுப்பச் சொல்கிறீர்கள். நான் போட மாட்டேன், எந்த மருத்துவரும் போடக் கூடாது. பேஸ்ட், பவுடர் என்று விற்கும் "அமைதி" சாமான்களுக்கு ஆதாரம் குறைவு. அந்தக் காசுக்கு நல்ல புல் வாங்கலாம்.

வயிறு, பல், முதுகு, பழக்கம் எல்லாம் பார்த்து, பொறுமையாக ஒரு வருஷம் முயன்ற பிறகும் போட்டி மைதானம் பிடிக்காத குதிரைகள் சில உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை அப்படி. பெங்களூர் வண்டியைப் பார்த்தாலே வியர்க்கும். இப்போது அது ஈ.சி.ஆர். பக்கம் ஒரு லாயத்தில், முதல்முறை ஏறும் குழந்தைகளைக் காலையில் சுமக்கிறது. அதன் சொந்தக்காரப் பெண் போட்டிக்கு வேறு குதிரையில் போகிறாள்.