புடைப்பு வராத அடி

சித்திரையில் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் அடைத்துவிட்டால், சேரன்மகாதேவிப் பக்கத்துக் குளங்கள் வற்றி, வெடித்த கரம்பை மண் முழுவதும் பிள்ளைகளின் கையில் வந்துவிடும். என் அக்கா ஊரில் அப்படி ஒரு குளத்துக்குள்தான் அன்றைய ஆட்டம். உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க இரண்டு பையன்கள் இரண்டு பக்கமிருந்து ஓடிவந்தார்கள். இருவர் கண்ணும் வானத்தில். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் கரையில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

ஒருவனுக்கு நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. கூட்டம் முழுக்க அவனைச் சூழ்ந்தது. அவன் அம்மா ஓடிவந்து, "எய்யா, ரொம்ப வலிக்கா?" என்று உள்ளங்கையால் புடைப்பை அழுத்தித் தேய்த்தார். மற்றவன் என் அக்கா மகன், 11 வயது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மட்டை பிடிக்கப் போனான்.

போகிற வழியில், "மாமா, ஸ்கோர் எவ்வளவு?" என்றான். "நாப்பத்திரெண்டு" என்றேன். நாலு எட்டு வைத்துத் திரும்பி, "மாமா, ஸ்கோர் எவ்வளவு?" என்றான். சொன்னேன். மறுபடியும் அதே கேள்வி, அதே குரலில், முதல் தடவை கேட்பவனைப் போல. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர், "அவனுக்கு என்ன, நல்லாத்தான நடக்கான்" என்றார். நல்லாத்தான் நடந்தான். ஆனால் அடி அவனுக்குத்தான் உள்ளே போயிருந்தது.

நெற்றிப் புடைப்பு மண்டை ஓட்டுக்கு வெளியே நடக்கும் சங்கதி. தலையின் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சிக்கி அவை நசுங்கினால், கசிந்த ரத்தம் போக இடமில்லாமல் மேலே எழும்பி நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஓடியாடும் வயதுப் பையனுக்கு நெற்றியில் மட்டும் புடைத்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால், துணியில் சுற்றிய ஐஸ்கட்டி பெரும்பாலும் போதும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கசிவு கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குத் தலையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கொழகொழவென்று வீங்கினால், உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

மூளைக்கு நேர்வது என்ன? வளர்ந்தவரின் மூளை சுமார் 1,400 கிராம். மண்டை ஓட்டுக்குள் அது எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. மூளைத் தண்டுவடத் திரவம் என்ற தெளிந்த நீரில் மிதக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் அந்த நீர் மொத்தமே 150 மில்லிலிட்டர் அளவுதான், ஒரு டீ கிளாஸ். தாமிரபரணியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தம்பியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் ஆள் எடை காணாமல் போய்விடும். அதே விதிப்படி அந்த 1,400 கிராம், தன் நீரில் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது. நடப்பது, ஓடுவது, படியிறங்குவது என்று நாள் முழுக்க வரும் அதிர்வுகளை இந்த மிதப்பே தாங்கிக்கொள்கிறது.

தாங்க முடியாதது திடீர் நிறுத்தமும் திடீர்த் திருகலும். இரண்டில் திருகல்தான் பொல்லாதது. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து ஒரு துளசி இலையை மிதக்க விடுங்கள். சொம்பைச் சட்டென்று கால் வட்டம் திருப்புங்கள். சொம்பு திரும்பிவிடும், இலை நின்ற இடத்திலேயே நிற்கும். மண்டை ஓடு சொம்பு என்றால் மூளை இலை. மூளை ஒரே கட்டியாகவும் திரும்புவதில்லை. நுங்கைப் போல நெகிழும் பொருள் அது. மேற்பகுதி ஓட்டோடு கொஞ்சம் திரும்ப, ஆழத்திலிருப்பது பின்தங்க, நடுவே உள்ள அடுக்குகள் இழுபடும். அந்த அடுக்குகளில்தான் நரம்புச் செல்களின் நீண்ட இழைகள் ஓடுகின்றன.

இதை முதலில் தெளிவாகக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹோல்பர்ன் என்ற இயற்பியலாளர். மூளை வடிவில் ஜெலட்டின் வார்த்து, அதைச் சுழற்றி, எங்கெங்கே இழுபடுகிறது என்று பார்த்தார். மூளையை எளிதில் அமுக்க முடியாது, ஆனால் எளிதில் சறுக்கி இழுக்க முடியும். ஆகவே நேரடி இடியைவிடச் சுழற்சியே ஆபத்து என்று 1943-இல் எழுதினார். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன.

கபடியை இந்தக் கண்ணோடு பாருங்கள். கோயில் கொடை நாட்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். பாடி வருபவனின் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். உடம்பு நின்றுவிடுகிறது, தலை நிற்காமல் சாட்டை நுனி போலச் சுழன்று தரையில் படுகிறது. தலை தரையில் படாவிட்டாலும், அந்தச் சுழற்சி மட்டுமே மூளையைக் கலக்கப் போதும். "தலையில அடியே படலயே" என்பது இதனால்தான் ஆறுதலாகாது.

பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலை; வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. இடையிலுள்ள வயதுகளில் தலை பெரிது, கழுத்து மெலிது. அடி வருவது தெரிந்தால் வளர்ந்த ஆட்டக்காரரின் கழுத்துத் தசை இறுகித் தலையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 11 வயதுக் கழுத்துக்கு அந்தப் பலம் வந்திருக்காது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்ற கொழுப்பு உறையும் அந்த வயதில் பாதி வேலையில்தான் இருக்கிறது. உறை ஏறாத இழைகள் இழுபட்டால் எளிதில் சேதமடைகின்றன.

இழுபட்ட பிறகு செல்லுக்குள் நடப்பதுதான் கதையின் நடுப்பகுதி. நரம்புச் செல், வரப்புக் கட்டிய வயல் மாதிரி. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியமும் கால்சியமும் அதிகம். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் செல் சைகை அனுப்புகிறது. சவ்வு இழுபட்ட கணத்தில் வரப்பு உடைகிறது. பொட்டாசியம் வெளியே பாய்கிறது, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. பக்கத்துச் செல்கள் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைக் கண்டபடி கொட்ட, அதுவும் உடைப்பைப் பெரிதாக்குகிறது. வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, செல்லின் சவ்விலுள்ள நுண்ணிய பம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகின்றன. அவற்றுக்கு எரிபொருள் குளுக்கோஸ்.

இங்கேதான் சிக்கல். பத்து மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட, கம்பியில் லோ வோல்டேஜ் என்றால் எப்படி இருக்கும்? அடிபட்ட மூளையில் அதுதான் நிலைமை. தேவை உச்சத்தில் இருக்கும்போது மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. உள்ளே புகுந்த கால்சியமோ செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவில் போய் அடைத்துக்கொள்கிறது. முதலில் அளவுக்கு மீறிய எரிப்பு, பிறகு பல நாட்கள் நீளும் சோர்வு. வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாதிக்கும் மேலே. வழக்கமான நாளிலேயே இவ்வளவு கேட்கும் மூளை, தட்டுப்பாட்டு நாளில் தவிப்பதில் வியப்பில்லை.

இந்தத் தட்டுப்பாடுதான் மூளையதிர்ச்சி. கிரிக்கெட் வர்ணனையில் கன்கஷன் என்கிறார்களே, அது. தலைவலி, கிறுகிறுப்பு, ஓங்கரிப்பு, வெளிச்சம் பட்டால் கண்கூசல், காரணமில்லாத அழுகை, படித்தது நிற்காமை, கேட்டதையே கேட்பது எல்லாம் ஆற்றல் போதாத மூளையின் முறையீடுகள். நினைவிழந்து விழுந்தால்தான் மூளையில் அடி என்று நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு. பத்துப் பேருக்கு மூளையதிர்ச்சி என்றால் மயங்குபவர் ஏறக்குறைய ஒருவர்தான். மீதிப் பேர் எழுந்து நடக்கிறார்கள், ஆட்டத்துக்கும் திரும்புகிறார்கள்.

அக்கா மகனைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். கேட்டதையே கேட்கிறான் என்றதும் மருத்துவர் தயங்காமல் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் சுத்தமாக இருந்தது. "அப்ப ஒண்ணுமில்லைல்லா?" என்று அக்கா கேட்டாள். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்றுதான் அதற்குப் பொருள் என்றார் மருத்துவர். மூளையதிர்ச்சி படத்தில் தெரியாது. செல்லுக்குள் உப்பு இடம் மாறியதையோ ஆற்றல் குறைந்ததையோ ஸ்கேன் காட்டுவதில்லை. அதே காரணத்தால், தலையில் தட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்கேன் தேவையுமில்லை. கதிர்வீச்சு வளரும் உடம்புக்குக் கூடாது. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று நம்பிச் சொல்ல வழிமுறை தந்தது. பலருக்குச் சில மணி நேரம் பக்கத்திலிருந்து கவனிப்பதே போதும்.

ஸ்கேன் தேடுவது வேறொரு எதிரியை. "பொட்டுல பட்டுறாமப் பாத்துக்கல" என்று ஆச்சிமார் சொல்வார்கள். அதில் உடற்கூறு இருக்கிறது. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில், மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரும். சேர நேரமாகும். அதுவரை பிள்ளை பேசும், சிரிக்கும், சாப்பிடும். பிறகு தலைவலி ஏறி, வாந்தி வந்து, கண் சொருகும். 1998 பிப்ரவரியில் டாக்காவில், தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பாவுக்குத் தலையில் பந்து பட்டது. தானே நடந்து வெளியேறினார். மூன்று நாளில் இறந்துவிட்டார்.

"தலையில அடிபட்டா உறங்கவிடாத" என்ற பழைய எச்சரிக்கை இந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்தவர்களுடையது. உறக்கம் கெடுதல் செய்வதில்லை. மயக்கத்தை உறக்கம் என்று எண்ணி விட்டுவிடுவதுதான் கெடுதல். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு பிள்ளை தாராளமாக உறங்கலாம், மூளைக்கும் அது வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, கை கால் ஒரு பக்கம் தளர்வது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது, எழுப்பினாலும் எழாமை, கைக்குழந்தை பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது பாறை தெரியாமல் தலைகீழாகக் குதிப்பவர்களுக்குத் தலையோடு கழுத்தெலும்பும் போகலாம். அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடாமல், தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் அசையாமல் இருக்கும்படி பலபேர் தாங்கி வெளியே கொண்டுவர வேண்டும்.

தலைக்கவசம் உதவுமா? உதவும், நிச்சயமாக. சைக்கிள் கவசத்தின் உள்ளே இருப்பது நம் தெர்மாகோல் வகைதான். வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறோமே, அதுபோல் தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. விசை குறைகிறது, எலும்பு பிழைக்கிறது. நசுங்கியது திரும்ப எழாது என்பதால் ஒரு பலத்த அடி வாங்கிய கவசத்தைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். உள்ளே மூளை திருகுவதை அது முழுதாகத் தடுக்காது. கவசம் போட்டிருந்த ரவீந்திர ஜடேஜா 2020 டிசம்பரில் கான்பெராவில் தலையில் பந்து பட்ட பிறகு இன்னிங்ஸ் முடியும்வரை மட்டை பிடித்தார், ஆனால் பந்து வீச இறங்கவில்லை. அவருக்குப் பதிலாகச் சஹல் வந்து பந்து வீசினார். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். தைத்த தோல் பந்து 160 கிராம் அளவு. பையன்கள் டென்னிஸ் பந்திலிருந்து ஸ்டிச் பாலுக்கு மாறும் வருடத்தில் கவசமும் கூடவே வாங்கியாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தலையில் அடிபட்டுக் கொஞ்சம் தடுமாறினாலும், அன்று அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. பம்புகள் இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது வரப்பு மறுபடி உடைந்தால் சிறு அடிகூடப் பெரிதாகும். கிறுகிறுப்பில் இருப்பவனுக்குப் பந்து எங்கே வருகிறது என்று கணிக்கவும் வராது. அடுத்த அடி தேடி வரும். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது பட்டு, மூளை சட்டென்று வீங்கி இறந்த இளம் ஆட்டக்காரர்கள் உண்டு. மிக அரிது, ஆனால் நேர்ந்தால் மீட்பது கடினம். 1984-இல் இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்தார்கள். 13 வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்ட ஆட்டத்திலேயே மறுபடி இறங்கி வாழ்நாள் ஊனமடைந்த பிறகு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009-இல் இதைச் சட்டமாக்கியது: சந்தேகம் வந்தால் வெளியே, மருத்துவர் எழுத்தில் சொன்னால்தான் உள்ளே.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது இப்போது வழக்கில் இல்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் இலகுவாக, செல்போனைக் குறைத்து. பிறகு மெதுவான நடை. பள்ளிக்கூடம் முதலில், விளையாட்டு அப்புறம். நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் சம்மதித்தபின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது. தலைவலி கூடினால் ஒரு படி கீழே. பெரும்பாலான பிள்ளைகள் நாலு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.

அக்கா மகனுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் டிவி சத்தமே அவனுக்கு ஆகவில்லை. "தல கிறுகிறுங்கு மாமா" என்று சுவரைப் பிடித்து நின்றான். இப்போது பழையபடி குளத்துக்குள் ஓடுகிறான். அந்த மோதலை மட்டும் அவனுக்குத் தெரியாது. பந்து உயரே போனது நினைவிருக்கிறது, பிறகு காரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. நடுவில் என்னிடம் மூன்று தடவை ஸ்கோர் கேட்டதை நான் சொல்லித்தான் நம்பினான்.