அறுபதாயிரம் ரூபாய் மதர்போர்டும் பூட்டு போட்ட பிராசசரும்

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். பக்கக் கண்ணாடியைக் கழற்றியதுமே தெரிந்தது, எக்ஸ்670இ சிப்செட்டில் (போர்டில் போர்ட், ஸ்லாட்களைக் கவனிக்கும் சிப்) வந்த மதர்போர்டுகளிலேயே உச்சத்தில் இருக்கிற ஒன்று அது. விலை அறுபதாயிரத்துக்கு மேல். அதில் உட்கார்ந்திருந்தது ஏஎம்டி-யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர், கூட ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டு. "அண்ணா, இத நல்லா ஓவர்கிளாக் பண்ணிக் குடுங்க, அதுக்காகத்தான் இந்த போர்டே வாங்கினேன்" என்றான்.

ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓடவைப்பது. பிராசசரின் வேகம் என்பது அடிப்படை கிளாக்கை மல்டிப்ளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வருவது. அந்த பிராசசரின் மல்டிப்ளையரை ஏஎம்டி பூட்டித்தான் விற்கிறது, எந்த போர்டில் செருகினாலும் அது மாறாது. அவன் போர்டில் தனி கிளாக் ஜெனரேட்டர் இருந்தது, அதை வைத்து 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை கிளாக்கை 103 வரைக்கும் தள்ளலாம், கிடைப்பது மூன்று சதவீதம். ஆனால் அவன் விளையாடும் கேமை ஓடவிட்டுப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு 98 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, பிராசசரோ பாதி சும்மா இருக்கிறது. அந்த மூன்று சதவீதம் திரையில் ஒரு ஃபிரேமாகக்கூட வந்து சேராது. பாதி விலையில், அதைவிடச் சின்ன சிப்செட்டான பி650-யில் ஒரு நல்ல போர்டு வாங்கி மிச்சக் காசை கிராபிக்ஸ் கார்டில் போட்டிருந்தால் அவன் அப்பா கொடுத்த பணம் திரையில் தெரிந்திருக்கும். அவனுக்கு இதைச் சொல்லவேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

ஓவர்கிளாக்கிங் என்றாலே விலை உயர்ந்த போர்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் சரியான போர்டு கையில் இருந்தால் பெரிய பலன் உண்மையாகவே இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரில், பஸ் வேகத்தை (அன்றைய அடிப்படை கிளாக்) 66-இலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும், அதைச் செய்யவிடும் அபிட் பிஎச்6 மாதிரி போர்டு கையில் இருந்தால் போதும், ஐம்பது சதவீதம் இலவசம். 2011-இன் ஐ5-2500கே-வைக்கூட 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்குச் சாதாரண காற்று கூலரிலேயே ஏற்றினோம். இப்போது அந்த மிச்சத்தை எல்லாம் கம்பெனியே எடுத்துவிடுகிறது. கோர் ஐ9-14900கே டப்பாவிலிருந்து வரும்போதே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. அதற்கு மேல் நாம் பிழிந்தால் வருவது இரண்டு மூன்று சதவீதம், சூடும் கரண்டும் ஏறுவது அதைவிடப் பல மடங்கு.

சரி, அப்படியும் ஓவர்கிளாக் செய்ய ஆசை இருக்கிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது போர்டின் விலையை அல்ல, சிப்செட்டை. இன்டெல் பக்கம் கே எழுத்து போட்ட பிராசசரும் இசட் சிப்செட்டும் சேர்ந்தால்தான் மல்டிப்ளையர் திறக்கும். பி760-இல் ராம் வேகத்தை மட்டும் ஏற்றலாம். ஏஎம்டி பக்கம் ஏ620 நீங்கலாக பி650-யிலேயே எல்லாம் திறந்திருக்கும். எக்ஸ்670இ என்பது பி650-யில் இருக்கும் அதே சிப்பை இரண்டாகக் கோத்து வைத்தது, அதனால் கூடுவது யுஎஸ்பி போர்ட், எம்.2 ஸ்லாட், சாட்டா எண்ணிக்கை, ஓவர்கிளாக் திறன் கிடையாது. கடையில் 'எக்ஸ் சிப்செட்தான் ஓவர்கிளாக்குக்கு' என்று யாராவது சொன்னால் அது ஏஎம்டி-க்குப் பொருந்தாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது விஆர்எம், பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி. டப்பாவில் பெரிதாக '18+2+2 ஃபேஸ், 105 ஆம்பியர்' என்று போட்டிருப்பார்கள், பார்ப்பவர்கள் மயங்குவது இங்கேதான். ஃபேஸ் என்பது அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரு சின்ன சர்க்யூட், முதல் எண்தான் பிராசசருக்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பிராசசர் 250 வாட் குடிக்கிறது, 1.25 வோல்ட்டில் ஓடுகிறது என்றால் ஓடும் கரண்ட் 200 ஆம்பியர். பதினெட்டு ஃபேஸ் தலா 105 என்றால் 1890 ஆம்பியர் தாங்கும். நடுத்தர போர்டில் பதினான்கு ஃபேஸ், தலா 80 என்றாலே 1120 வந்துவிடுகிறது. இரண்டுமே தேவைக்கு ஐந்து மடங்குக்கு மேல். கேம் விளையாடும்போது 7800எக்ஸ்3டி எடுப்பது பெரும்பாலும் 80 வாட்டுக்குள், அதற்கு இதில் எதுவுமே கூடுதல்தான்.

அப்படியானால் விஆர்எம்மில் எதைப் பார்ப்பது? சூட்டை. 250 வாட் கொடுக்கும்போது பத்து சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 25 வாட்டுக்கு மேல் விஆர்எம்மில் கரண்டைத் திறந்து மூடும் அந்தச் சின்ன மாஸ்பெட்களில் சூடாக இறங்குகிறது, அதை ஹீட்சிங்க் வெளியே தள்ளியாக வேண்டும். கனமான அலுமினியம், வெட்டுவெட்டாகத் துடுப்பு வைத்தது, இரண்டு பகுதியையும் இணைக்கும் ஹீட்பைப், இதெல்லாம் வேலை செய்யும். மேலே எல்இடி மின்னும் பிளாஸ்டிக் மூடி வேலை செய்யாது, சில சமயம் காற்றையே மறைக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: டவர் கூலர் இருந்தவரை அதன் ஃபேன் காற்று விஆர்எம் மேலும் பட்டுக்கொண்டிருந்தது. ஏஐஓ வாட்டர் கூலருக்கு மாறியதும் அந்தக் காற்று போய்விடுகிறது, பிராசசர் குளிர்ந்து விஆர்எம் சூடேறுகிறது. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்தைந்து டிகிரி அறையில் எடுத்தவை. நம் ஊரில் மே மாதம் ஏசி இல்லாத அறை 36 டிகிரி இருக்கும், அந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். நான் செய்வது இதுதான்: கேபினட்டை மூடி, மதியம் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம் பிராசசரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் விஆர்எம் சென்சாரைப் பார்ப்பேன். 90-க்குள் நின்றால் நிம்மதி. 105-ஐத் தாண்டினால் அந்த போர்டில் அந்த பிராசசரை ஓவர்கிளாக் செய்யமாட்டேன்.

ராம் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இன்றைக்கு ஓவர்கிளாக்கில் உண்மையான பலன் கொஞ்சமாவது இருப்பது இதில்தான். 2022 கடைசியில் கோர் ஐ9-13900கே-வைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தார்கள், அதற்கு எடுத்தது அசுஸ் இசட்790 ஏபெக்ஸ். அந்த போர்டில் ராம் ஸ்லாட் இரண்டே இரண்டுதான். ஸ்லாட் குறைந்தால் பிராசசரிலிருந்து ராமுக்குப் போகும் பாதை சுத்தமாக இருக்கும், வேகம் ஏறும். நம் வீட்டு கம்ப்யூட்டருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: நான்கு ராம் குச்சி போடாதீர்கள். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு டிடிஆர்5 குச்சிக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 5200, நான்கு போட்டால் அது 3600-க்கு இறங்குகிறது. நான்கு ஸ்லாட்டும் நிறைந்திருந்தால்தான் அழகு என்று எண்பதாயிரம் ரூபாய் போர்டில் நான்கு போட்டு, பூட் ஆகாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. இரண்டு குச்சி, 6000 வேகம், சிஎல்30 (ராம் பதில் சொல்ல எடுக்கும் தாமதத்தின் அளவு), அதற்கு நடுத்தர பி650 போர்டே போதும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். விலை உயர்ந்த போர்டு என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சோதனைப் பட்டியலில் முதலிடம் வரவேண்டும் என்பதற்காகவே பல போர்டுகள் எல்லைகளைத் திறந்து வைத்து வருகின்றன. என் மேஜைக்கு வந்த ஓர் உயர்தர போர்டில் பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் மென்பொருளைத் திறந்தால் பவர் லிமிட் 4096 வாட் என்று இருந்தது, அதாவது எல்லையே இல்லை. வாங்கியவர் பயாஸுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை, எல்லாம் 'ஆட்டோ'வில்தான் இருந்தது. 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய செய்தி வந்தது நினைவிருக்கும், ராமை அதன் முழு வேகத்துக்கு வைக்கும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்ததும் போர்டுகள் எஸ்ஓசி வோல்ட்டேஜை (பிராசசருக்குள் ராமைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) தாமாகவே ஏற்றிவிட்டதுதான் அதில் பெரிய பிரச்சினை, பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்து புது பயாஸ் கொடுக்கச் செய்தது. 2024-இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை சிப்கள் நிலைகுலைந்த விவகாரத்தில், சிப் கேட்ட வோல்ட்டேஜே அதிகம் என்பதோடு, போர்டுகள் இன்டெல் சொன்ன அளவைத் தாண்டி பவர் கொடுத்ததும் ஒரு காரணம் என்று இன்டெல்லே பட்டியலிட்டது. ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோட் (பயாஸ் வழியாக பிராசசருக்குப் போகும் திருத்தம்) 1.55 வோல்ட்டில் எல்லை கட்டியது, டப்பாவில் விற்ற சிப்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்த சமயம் கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வரும், ஆட்கள் நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தார்கள், கெட்டுக்கொண்டிருந்தது பிராசசர். இந்தத் தலைமுறை சிப் வைத்திருந்தால் இன்றைக்கே பயாஸைப் புதுப்பித்து 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' போடுங்கள். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும்.

கூடுதல் காசுக்கு ஒன்றுமே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. பூட் ஆகாதபோது எந்தக் கட்டத்தில் நின்றது என்று இரண்டு எழுத்தில் காட்டும் சின்னத் திரை, பின்பக்கத்தில் பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழையபடி ஆக்கும் கிளியர் சிமாஸ் பட்டன், பிராசசரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக், இவை ஓவர்கிளாக் பழகுகிறவருக்குப் பல மணி நேரத்தை மிச்சமாக்கும். ஃபிளாஷ்பேக் இப்போது நடுத்தர போர்டுகளிலேயே வருகிறது. 10 கிகாபிட் நெட்வொர்க், யுஎஸ்பி4 உங்களுக்குத் தேவை என்றால் அதற்குக் கொடுங்கள், தப்பில்லை. வாங்குவதற்கு முன் மேனுவலை இறக்கி எந்த ஸ்லாட் எதோடு டேட்டா போகும் பாதையைப் பங்குபோடுகிறது என்று மட்டும் பாருங்கள், பல இசட்790 போர்டுகளில் ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு 16 பாதை எட்டாகக் குறைந்துவிடும். நாள் முழுக்க 7950எக்ஸ் மாதிரி பதினாறு கோர் சிப்பை முழு வேகத்தில் ரெண்டரிங்கில் ஓட்டுகிறவருக்கும், ராம் டைமிங்கை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பதே பொழுதுபோக்கு என்பவருக்கும் நானே நல்ல போர்டாகத்தான் எழுதிக்கொடுப்பேன்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது, அதனால் இருப்பதை ஒழுங்குபடுத்தினோம். பயாஸைப் புதுப்பித்தேன், எக்ஸ்போவில் ராமை 6000-க்கு வைத்தேன், எஸ்ஓசி வோல்ட்டேஜை ஆட்டோவிலிருந்து எடுத்துக் கையாலேயே 1.2 போட்டேன், பிராசசர் வோல்ட்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20. வேகத்தை ஏற்றுவதற்குப் பதில் வோல்ட்டேஜை இறக்கினோம். 84 டிகிரியில் நின்ற பிராசசர் சூடு 76-க்கு வந்தது, சினிபெஞ்ச் மதிப்பெண் கொஞ்சம் கூடவே செய்தது. இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட்டு, பிழை இல்லை என்று பார்த்த பிறகுதான் கொடுத்தேன். "இதெல்லாம் சின்ன போர்டுலயும் பண்ணியிருக்கலாமா அண்ணா?" என்று கேட்டான். பண்ணியிருக்கலாம் தம்பி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் நண்பன் ஒருவன் அடுத்த வாரம் வாங்கப்போகிற லிஸ்டைப் போனில் எடுத்துக் காட்டினான். அதே போர்டு. அதை அடித்துவிட்டு வேறு போர்டை எழுதிக் கொடுத்தேன்.